சாம்பல் பையும் ஒரு போரும்

கிரேட்டோஸின் உடம்பு வெளுப்பு அல்ல, சாம்பல். போர்வெறியில் மனைவியையும் மகளையும் தானே கொன்றவன் அவன். அவர்களின் சாம்பல் சாபமாகத் தோலில் ஒட்டிக்கொண்ட கதையை 2005இல் வந்த முதல் ‘காட் ஆஃப் வார்’ விளையாட்டே சொல்லிவிட்டது. 2018இல் சாண்டா மோனிகா ஸ்டுடியோ அவனைக் கிரேக்கத்திலிருந்து பெயர்த்து நோர்ஸ் தெய்வங்களின் நாட்டில் குடிவைத்தது. இம்முறை இரண்டாவது மனைவி ஃபேயின் சாம்பல் அவன் இடுப்புப் பையில் தொங்குகிறது. மகன் அட்ரியஸோடு போய் ஒன்பது உலகங்களிலும் உயர்ந்த சிகரத்தில் அதைத் தூவ வேண்டும். கதை அவ்வளவுதான். மன்னாரின் பாலாவித் தீர்த்தத்தில் முழுகி எழும் சனத்துக்கும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நீர்க்கரை தேடிப் போகும் சனத்துக்கும் இந்தப் பயணத்தின் அவசரத்தை விளக்கத் தேவையில்லை. ஓடினையும் தோரையும் மன்னாரில் அறிமுகப்படுத்தத்தான் வேண்டும். அந்தப் பையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

2018இன் விளையாட்டையும், 2022 நவம்பரில் வந்த அதன் தொடர்ச்சியான ‘ரக்னரோக்’கையும் சேர்த்தே எடைபோட வேண்டும். இரண்டும் ஒரே கதையின் இரு பாதிகள். ஆனால் ஒரே தரத்தவை அல்ல.

முதல் பாதியின் பலம் சிக்கனம். இயக்குநர் கோரி பார்லாக் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கமராவை வெட்டவே இல்லை. கிரேட்டோஸின் முதுகுக்குப் பின்னால் அது நடந்துகொண்டே இருக்கிறது. முதல் மணிநேரத்திலேயே மான் வேட்டை வருகிறது. அம்பு பட்ட மானை முடிக்கக் கை நடுங்குகிறது பொடியனுக்கு. தகப்பன் அவன் கைமேல் கைவைத்துக் கத்தியை அழுத்துகிறான். பிறகு தேற்றுவதற்காக மகனின் தோள்வரை கொண்டுபோன கையைத் தொடாமலே இழுத்துக்கொள்கிறான். வசனம் இல்லை. வெட்டாத கமரா அந்தக் கையைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு நிற்பதால்தான் அது உறைக்கிறது. (பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத தகப்பன்மார் எங்கள் பக்கம் ஒழுங்கைக்கு ஒருவர் இருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.)

புராணத்தைக் கையாண்ட விதத்தில் எனக்கு இன்னும் வியப்பு உண்டு. ஐஸ்லாந்து கிறிஸ்தவத்துக்கு மாறி இரண்டு நூற்றாண்டு கழிந்து, 1220 வாக்கில் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதிவைத்த எட்டாவில், எதுவும் கொல்லமுடியாத பால்டரைப் புல்லுருவிக் குச்சி கொல்கிறது. அதைக் குருடனான சகோதரனின் கையில் கொடுத்து எறியவைப்பவன் லோகி. விளையாட்டில் குருடனும் இல்லை, சூழ்ச்சியும் இல்லை. அறுந்த அம்பறாத்தூணி வாரைக் கிரேட்டோஸ் ஓர் அம்புமுனையால் கோத்துக் கட்டிக்கொடுக்கிறான். அது புல்லுருவி. வேறோர் இடத்தில் பால்டரின் தாய் ஃப்ரேயா, பொடியனிடமுள்ள புல்லுருவி அம்புகளைக் கண்டு பதறி எரித்துவிடுகிறாள். வாரில் குத்தியிருப்பது அவள் கண்ணுக்குத் தப்புகிறது. கடைசியில் தகப்பனுக்குக் குறுக்கே வந்து நிற்கும் மகனின் நெஞ்சில் பால்டர் குத்த, அந்த முனை அவன் கையில் ஏறி, அவனைச் சாகாமல் காத்த மந்திரம் உடைகிறது. அட்ரியஸின் இன்னொரு பெயர் லோகி என்பது முடிவில்தான் தெரியவரும். மூலத்தின் எலும்பு அப்படியே இருக்கிறது, சதை மட்டும் வேறு. தழுவல் செய்ய நினைக்கும் நம்மவர்கள் இதைப் பாடமாகவே வைக்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. தூண் சுமக்கும் அரக்கர்களை ஒரே அசைவுகளோடு திரும்பத் திரும்பக் கொல்லவிட்டு அலுப்பூட்டுகிறார்கள். கவசங்களுக்கு இலக்கமும் நிறமும் போட்டுக் கணக்குப்பிள்ளை வேலை வாங்குகிறார்கள். அதைவிடப் பெரிய குறை, எல்லாவற்றையும் முன்கூட்டியே திட்டமிட்டுவைத்த ஃபே முழுக்கதையிலும் வெறும் சாம்பலாகவே இருப்பது.

மொழியும் ஒரு தடை. இரண்டு பாகங்களுக்கும் தமிழ் உபதலைப்பு இல்லை. ஏரியில் படகு வலிக்கையில் கூடவே வரும் மிமிர் என்பவனின் வெட்டிய தலை கதை சொல்லும். கரை தட்டினால் பாதியில் நிறுத்தி, மறுபடி படகேறும்போது விட்ட இடத்தில் தொடரும். அழகான ஏற்பாடு. ஆனால் துடுப்பைப் பார்த்தால் ஆங்கில எழுத்து ஓடிவிடும், எழுத்தைப் பார்த்தால் படகு பாறையில் முட்டும். உலகப்பாம்பு எழும்பியதும் அந்த ஏரியில் நீர் வடிந்து புதுக்கரைகள் தலைகாட்டுவதை மட்டும், தலைமன்னாருக்கு அப்பால் மணல் தீடைகள் தோன்றி மறைவதைக் கண்டவர்கள் உபதலைப்பு இல்லாமலே ரசிப்பார்கள். எங்கள் தீடைகளின் புராணத்தை இப்படிப் பிரித்துக் கோக்க ஒருவரும் துணியமாட்டார்கள். பூனேயில் உருவாகி 2020இல் வந்த ‘ராஜி’யில் துர்க்கையும் விஷ்ணுவும் கதைசொல்லிகளாக உயரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். அந்த விளையாட்டு மெலிந்துபோனதற்கு அந்தப் பவ்வியமும் ஒரு காரணம்.

ரக்னரோக்குக்கு வருவோம். இலங்கையின் பொருளாதாரம் படுத்துக்கிடந்த ஆண்டில் பிளேஸ்டேஷன் 5 பதிப்பின் 70 டொலர் விலை, 25 ஆயிரம் ரூபாவைத் தாண்டியது. 2024 செப்டெம்பரில் கணினிக்கு வந்தபோது பிளேஸ்டேஷன் நெற்வேர்க் கணக்குக் கட்டாயம் என்றார்கள். அந்தச் சேவை உள்ள நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. 2025 ஜனவரியில்தான் சோனி அந்தக் கட்டாயத்தைக் கைவிடுவதாக அறிவித்தது.

தொடக்கம் அபாரம். தோர் கதவைத் தட்டி உள்ளே வந்து, மேசையில் மதுவை வைத்துவிட்டு உட்கார்கிறான். பின்னால் வரும் ஓடின் கவசம் போடாத, மெல்லப் பேசும் கிழவன். காணிப் பிணக்கைத் தீர்க்க வந்த ஊர்ப் பெரியவர் மாதிரி இனிக்கப் பேசிக்கொண்டே மிரட்டுகிறான். விதி என்று ஒன்று இல்லை, நீங்கள் மாறாதவர்கள் என்பதால்தான் உங்களை முன்கூட்டியே சொல்ல முடிகிறது என்று நோர்ன் சகோதரிகள் நக்கலடிக்கும் காட்சி, இரண்டு பாகங்களிலும் எனக்குச் சிறந்த காட்சி. சகோதரன் ப்ரொக்கைப் பறிகொடுத்த கொல்லன் சிந்திரி கடைசிவரை மன்னிக்காமல் போவதும் துணிச்சலான எழுத்து.

ஆனால் தலைப்பே ஒரு போரின் பெயர். அந்தப் போரில்தான் விளையாட்டு தோற்கிறது. அயன்வுட் காட்டில் பழம் பொறுக்க அத்தனை நேரம் தந்தவர்கள், அஸ்கார்ட் முற்றுகையைச் சட்டென்று முடித்துவிடுகிறார்கள். முற்றுகையின் நடுவே, மதிலோரம் மிட்கார்ட் அகதிகளை ஓடின் கேடயமாக நிறுத்தியிருப்பது தெரியவருகிறது. மற்றவர் துயரத்துக்கு நெஞ்சை மூடு என்று முதல் பாகத்தில் பழக்கிய தகப்பன், இங்கே திற என்கிறான். இரண்டு பாகங்களும் இந்த ஒரு திருப்பத்துக்காகவே எழுதப்பட்டவை என்றும் சொல்லலாம். அப்படியானால் அந்தச் சனங்களுக்கு ஒரு முகமாவது வேண்டாமா? சில நிமிடத்தில் அவர்கள் காட்சியைவிட்டுப் போய்விடுகிறார்கள். 2008 ஏப்ரலில், போருக்கு நடுவே, மடு மாதாவின் சிலையையே தேவன்பிட்டிக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டியிருந்த மாவட்டம் மன்னார். இங்கிருந்து வன்னி நெடுக இடம்பெயர்ந்தவர்கள் முள்ளிவாய்க்கால்வரை போனார்கள். சண்டைக்கு நடுவே அகப்பட்ட சனத்தைக் கதாநாயகனின் மனமாற்றத்துக்கான கருவியாக மட்டும் வைத்துக்கொள்வதை எங்கள் கண் மன்னிக்காது.

எட்டாவின் தெய்வங்கள் சாவு நிச்சயம் என்று தெரிந்தே களத்துக்குப் போகிறார்கள். அங்கே ஒரே ஒரு வில்லன் இல்லை. விளையாட்டோ எல்லாப் பழியையும் ஓடின் தலையில் சுமத்தி, அவன் உயிரை ஒரு கோலிக்குண்டில் அடைத்து உடைத்துவிடுகிறது. கிரேட்டோஸ் மாறியதால்தான் பிழைத்தான் என்ற வாதம் நோர்ன்களின் பேச்சோடு பொருந்துகிறது, ஏற்கிறேன். ஆனால் கணக்கு இவ்வளவு லேசாகத் தீர்ந்தால் அது போருக்குரிய கணக்கு அல்ல.

எனவே என் தீர்ப்பு: 2018இன் விளையாட்டு கலைப்படைப்பு. 2022 ஜனவரியில் வந்த அதன் கணினிப் பதிப்பு இங்கேயும் தடையில்லாமல் ஓடும், முதலில் அதையே வாங்குங்கள். ரக்னரோக் பாதி கலை, பாதி கடமை. விலை இறங்கினால் எடுக்கலாம். எடுத்தவர்கள் 2023 டிசம்பரில் இலவசமாகவே வந்த ‘வல்ஹல்லா’ இணைப்பைத் தவறவிட வேண்டாம். போர் கிடையாது, பட்டாளம் கிடையாது. அரியணையில் இருக்கும் தன் பழைய உருவத்துக்கு முன்னால் ஒரு கிழவன் நின்று பேசுகிறான். பெரிய விளையாட்டு முற்றுகையில் தொலைத்ததை இந்தச் சின்ன இணைப்பு பாதிக்கு மேல் மீட்டுவிடுகிறது.