நேண்ட் கேட் போதும், கம்ப்யூட்டர் ரெடி!

இந்தப் புத்தகத்தைப் பற்றி ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோம் நிசானும் ஷிமோன் ஷோக்கனும் எழுதிய ‘தி எலிமென்ட்ஸ் ஆஃப் கம்ப்யூட்டிங் சிஸ்டம்ஸ்’. எம்.ஐ.டி. பிரஸ் 2005-இல் போட்டது. 2021-இல் இரண்டாம் பதிப்பும் வந்துவிட்டது. ‘நேண்ட் டு டெட்ரிஸ்’ என்றால்தான் மாணவர்களுக்குத் தெரியும். டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் ஒரு செமஸ்டர், கம்பைலர் வேறொரு செமஸ்டர், ரெண்டுக்கும் நடுவில் என்னதான் நடக்கிறது என்று கேட்டால் பதிலே வராது, இல்லையா? அந்த நடுவை அப்படியே திறந்து காட்டுகிற தலையணை சைஸ் இல்லாத அதிசயம் இது!

கற்பனை செய்து பாருங்கள். உங்கள் கையில் ஒரே ஒரு வகை கேட்தான், நேண்ட். இரண்டு உள்ளீடும் 1 என்றால் 0 தரும், மற்ற எல்லாவற்றுக்கும் 1. அவ்வளவுதான் சொத்து! இரண்டு காலையும் சேர்த்துக் கட்டுங்கள், நாட் கேட் வந்துவிட்டது. அதை நேண்ட் பின்னால் மாட்டுங்கள், ஆண்ட் வந்துவிட்டது. அப்புறம் ஆர், எக்ஸார், மக்ஸ், ஆடர்... எதையும் புத்தகம் தட்டில் வைத்து நீட்டாது, இன்னது வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும், செய்ய வேண்டியது நாம்தான், சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்துச் சரி என்று வரும்போது இருக்கிறதே ஒரு திமிர்!

ஆனால் என்னைப் பைத்தியமாக்கியது ஏ.எல்.யூ. தான். அதில் கழிக்கும் சர்க்யூட்டே கிடையாது சார்! கூட்டலும் ஆண்ட் செயலும் மட்டும், கூடவே பிட்டைப் புரட்டுவது போன்ற வேலைகளுக்கு ஆறே ஆறு கன்ட்ரோல் பிட். பின்னே எப்படிக் கழிக்கும்? ஒரு பேப்பர் எடுங்கள், இப்போதே எடுங்கள். ஏழிலிருந்து மூன்று. ஏழு என்றால் 0111, பிட்டையெல்லாம் புரட்டிப் போடுங்கள், 1000. அதோடு மூன்றைக் கூட்டுங்கள், அதாவது 0011, வருவது 1011. மறுபடி புரட்டுங்கள். 0100. நாலு! நாலு வந்துவிட்டது! இதைப் பார்த்த ராத்திரி நான் போட்ட கத்தலில் அம்மா பதறி எழுந்து வந்து, “என்னடா ஆச்சு?” என்றார். “கழித்தல் வந்துடுச்சும்மா!” என்றேன். “அதை ஒண்ணாங் கிளாஸ்லயே சொல்லிக் குடுத்தாங்களேடா, படுத்துத் தூங்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தூக்கமாவது ஒன்றாவது!

அதற்கப்புறம் கேட்கவே வேண்டாம், ஃப்ளிப் ஃப்ளாப்பை வைத்து ஒரு பிட்டை நினைவில் நிறுத்தி, பதினாறு பிட் ரெஜிஸ்டராக்கி, எட்டு எட்டாக அடுக்கி ரேம் கட்டி, எல்லாவற்றையும் ‘ஹேக்’ என்ற பதினாறு பிட் கம்ப்யூட்டருக்குள் பூட்டி, அதன் மெமரியில் 16384-ஆம் முகவரியில் –1 என்று எழுதினால் 512-க்கு 256 புள்ளித் திரையின் மேல் இடது மூலையில் பதினாறு புள்ளி கறுப்பாகிறது, ஏனென்றால் –1 என்பது பதினாறு ஒன்றுகள், ஒவ்வொரு ஒன்றும் ஒரு கறுப்புப் புள்ளி, ஐயோ, அந்தக் குட்டிக் கோட்டைப் பார்த்து நான் கைதட்டினேன், ஆளில்லாத அறையில் கைதட்டினேன்! அதன்மேல் அசெம்ப்ளர், அதன்மேல் விர்ச்சுவல் மெஷின், அதன்மேல் ‘ஜாக்’ மொழிக்குக் கம்பைலர், கடைசியில் ஓ.எஸ். ஹார்ட்வேரில் பெருக்கல் இல்லாததால் அதையும் அந்த ஓ.எஸ்.ஸிலேயே நாம் எழுதுகிறோம். கடைசியில் நாம் எழுதிய விளையாட்டில் ஒரு வரி ஓடினால், அது கீழே எந்த கேட் வரை இறங்குகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம்!

குறையா? நேண்டுக்குக் கீழே டிரான்சிஸ்டருக்குள் இறங்க மாட்டார்கள், இன்டரப்ட் கிடையாது, பைப்லைன் கிடையாது. அட, போகட்டும்! அதற்கெல்லாம் வேறு புத்தகங்கள் இல்லாமலா போய்விட்டன?

ட்ரிபிள் ஈ, ஈ.சி.ஈ., கம்ப்யூட்டர் சயன்ஸ், யாராக இருந்தாலும் சரி, சிமுலேட்டர் இலவசம், இன்றைக்கே இறக்கிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: எக்ஸாருக்கு விடையை மட்டும் தயவுசெய்து தேடிப் பார்க்காதீர்கள். நாலு நேண்டிலேயே முடியும்.