மலையக ஆட்டோவின் பிரேக்: பெடல் சொல்லும் குறைகள்

மலையகத்து வீதிகளில் அன்றாடம் ஓடும் துணிக்கூரை வண்டி முச்சக்கர வண்டிதான், ஊர்ப்பேச்சில் ஆட்டோ. வெளிநாட்டுக் கன்வர்ட்டபிள் கார்கள் பலவற்றில் கூரையை மடக்குவதும் விரிப்பதும் ஹைட்ராலிக்ஸின் வேலை. ஆட்டோவின் ஹூட் குழாய்ச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய ரெக்சீன் மட்டுமே. அதன் ஹைட்ராலிக்ஸ் பிரேக்கில் இருக்கிறது. இரண்டும் ஒரே குடும்பத்துப் பொறிகள். எண்ணெய், அதைத் தள்ளும் பிஸ்டன், கசியாமல் தடுக்கும் ரப்பர், இவ்வளவுதான் இரண்டிலும். கெடும் விதமும் ஒன்றே: காற்று புகும், ரப்பர் தேயும், தவறான எண்ணெய் ஊற்றப்படும். காரில் இது நடந்தால் கூரை பாதியில் நின்றுவிடும். நானுஓயா இறக்கத்தில் ஓர் ஆட்டோவுக்கு இது நடந்தால், பின்சீட்டில் இருக்கும் மூன்று பேரின் உயிர் அந்த ரப்பரில் தொங்குகிறது.

இலங்கையில் ஓடும் ஆட்டோக்களில் பெரும்பாலானவை பஜாஜ் ஆர்ஈ வகை. டூ-ஸ்ட்ரோக் ஆட்டோக்களின் இறக்குமதி 2008இல் தடைசெய்யப்பட்டது. அதன்பின் வந்து மலையேறியவற்றில் மிகுதி, 200 சிசிக்குச் சற்றே குறைந்த ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்டவை. புகை குறைந்ததைத்தான் எல்லோரும் பேசுவார்கள். மலைநாட்டுக்கு அதைவிடப் பெரிய பலன் ஒன்று உண்டு: கியரில் இருக்கும்போது அக்சிலரேட்டரை விட்டால் வண்டியைப் பின்னுக்குப் பிடித்து இழுக்கும் குணம் ஃபோர்-ஸ்ட்ரோக்கில் அதிகம்.

மூன்று சக்கரத்திலும் டிரம் பிரேக். கால்பெடல் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ள, எண்ணெய் குழாய்வழியே ஓடி ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள வீல் சிலிண்டரை விரிக்கிறது. அது பிரேக் ஷூவை டிரம்மின் உட்சுவரில் அழுத்துகிறது. ஹேண்ட் பிரேக் கேபிளில் வேலை செய்வது. எண்ணெயோடு அதற்குத் தொடர்பில்லை. கார்களில் உள்ள பூஸ்டர் இதில் கிடையாது. அது குறைதான், ஆனால் கோளாறு தேடுகிறவருக்கு அதுவே உதவி. காலுக்கும் எண்ணெய்க்கும் நடுவே வேறெதுவும் இல்லாததால், உள்ளே நடப்பது நேராகப் பாதத்துக்குத் தெரிகிறது.

நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து எந்தப் பக்கம் புறப்பட்டாலும் பெரும்பாலும் இறக்கம்தான். சாரதியும் மூன்று பயணிகளும் ஏறிய ஆட்டோவின் மொத்த எடையைச் சுமார் 600 கிலோ என்று வைத்துக்கொண்டால், 250 மீற்றர் உயரம் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் ஏறத்தாழ 15 இலட்சம் ஜூல். அடுப்பில் வைத்த நாலரை லீற்றர் பச்சைத் தண்ணீர் கொதிக்கத் தேவையான வெப்பம் அது. கியரில் இறங்கினால் அதில் கணிசமான பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் கிட்டத்தட்ட எல்லாம் அந்த மூன்று சின்ன டிரம்களுக்குள் போகும். 2022இல் எரிபொருள் பங்கீட்டில் ஆட்டோவுக்கு வாரம் 5 லீற்றர் பெட்ரோல் என்றிருந்தபோது, இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி உருட்டும் ஆசை யாருக்கும் வரக்கூடியதே. அப்படி மிச்சமான பெட்ரோலுக்கு விலை கொடுப்பது பிரேக்.

வெப்பத்தைவிடப் பெரிய எதிரி தண்ணீர். பிரேக் ஒயில் என்று சொன்னாலும் அது எண்ணெய் இனத்தைச் சேர்ந்ததல்ல. கிளைக்கோல் வகைத் திரவம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது அதன் இயல்பு. டொட் 3 தரத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், 3.7 சதவீத நீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 140 ஆக இறங்கிவிடுகிறது. டொட் 4 தரத்துக்கு இதே கணக்கு 230, 155. வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் வட்டவளைப் பக்கத்தில், மாஸ்டர் சிலிண்டருக்குத் திரவம் தரும் டப்பாவின் மூடியைச் சரியாக இறுக்காவிட்டால் இத்தனை நீர் சேர அதிக காலம் வேண்டாம். புதுத் திரவம் தெளிந்த இளமஞ்சளாக இருக்கும். சாயம் கூடிய பிளேன்டியின் நிறத்துக்கு வந்துவிட்டால் மாற்றும் காலம் கடந்துவிட்டது. நிறம் தெளிவாக இருப்பதாலேயே நீர் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆகவே மலைநாட்டில் ஓடும் வண்டிக்கு வருடம் ஒருமுறை, தென்மேற்குப் பருவமழை தொடங்கும் மே மாதத்துக்கு முன்பாக, முழுவதையும் மாற்றிவிடுவதே சரி. ஹூட்டுக்குப் புது ரெக்சீன் தைக்க ஆகும் பணத்தோடு ஒப்பிட்டால் இது சொற்பம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத வேலை என்பதால் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

கோளாறு தேடும்போது ஸ்பானரை எடுக்குமுன் பெடலை அமுக்கிப் பார்க்க வேண்டும். வண்டி நின்ற நிலையில், செருப்பைக் கழற்றிவிட்டு அமுக்கினால் இன்னும் நன்றாகத் தெரியும். பெடல் பஞ்சுபோல் அமுங்கி மெல்லத் திருப்பித் தள்ளினால் குழாயில் காற்று இருக்கிறது. திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். முதல் அமுக்கில் கீழே போய், இரண்டு மூன்று தரம் பம்ப் பண்ணியதும் மேலே வந்து கெட்டியாக நின்றால் ஷூ தேய்ந்திருக்கிறது, அல்லது அட்ஜஸ்ட்மென்ட் விலகியிருக்கிறது. கெட்டியாக நின்ற பெடல், காலை எடுக்காமல் அரை நிமிடம் வைத்திருக்கும்போதே மெதுவாகத் தரையை நோக்கி இறங்குவது வேறு விஷயம். டப்பாவில் திரவம் குறையாமல், வெளியே ஈரமும் இல்லாமல் அப்படி நடந்தால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் கப் ரப்பர் தேய்ந்து, திரவம் பிஸ்டனைத் தாண்டிப் பின்னுக்கு வருகிறது. இந்தக் குறை மற்றெல்லாவற்றையும்விட ஏமாற்றக்கூடியது, ஏனென்றால் சட்டென்று ஓங்கி அடித்தால் பிரேக் பிடிக்கும். மெதுவாக அழுத்திக்கொண்டே போகவேண்டிய நீண்ட இறக்கத்தில்தான் கைவிடும்.

இறக்கத்தின் அடியில் பிரேக் இல்லாமல் போனதென்று சொல்லி வரும் வண்டிகளில் இரண்டு வேறு கோளாறுகள் ஒரே பெயரில் வருகின்றன. பெடல் கல்போல் நிற்க வண்டி மட்டும் நிற்காமல் போயிருந்தால், ஷூவில் ஒட்டியிருக்கும் லைனர் சூடேறி வழுக்கியிருக்கிறது, ஹைட்ராலிக்ஸில் குற்றமில்லை. ஆறியதும் பிடிப்பு திரும்பிவிடும், ஆனால் லைனரின் முகம் கண்ணாடிபோல் மினுங்கினால் மாற்றியே ஆகவேண்டும். பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரையைத் தொட்டிருந்தால், வீல் சிலிண்டரில் இருந்த திரவம் கொதித்து ஆவியாகியிருக்கிறது. இது ஓடும்போது மட்டும் நடப்பதில்லை. இறக்கம் முடிந்து, கடையில் ஒரு தேநீருக்கு நிறுத்திய பத்து நிமிடத்தில், காற்றோட்டம் இல்லாத டிரம்மின் சூடு உள்ளே சிலிண்டருக்கு ஏறும். மறுபடி புறப்பட்டு அடிக்கும் முதல் பிரேக்கில் பெடல் விழும். ஆறியபின் ஆவி திரவமாகி எல்லாம் சரியானதுபோல் தோன்றும். ‘இப்போ நல்லாத்தானே பிடிக்குது’ என்று திரும்பிப் போகும் வண்டிதான் மறுநாள் மிக ஆபத்தானது.

வண்டி ஒரு பக்கம் இழுத்தால், பின்சக்கரங்களில் ஒன்று பிடிக்கவில்லை அல்லது விடவில்லை. டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் இரு முனையிலும் உள்ள தூசிமூடி ரப்பரை விரலால் மெல்ல நெம்பிப் பார்க்க வேண்டும். உள்ளே ஈரம் கண்டால் கப் ரப்பர் போய்விட்டது. ஈரம் பிரேக் திரவமா, சக்கர அச்சுப் பக்கமிருந்து வந்த கியர் எண்ணெயா என்பதை அறியத் தண்ணீர் போதும். ஒரு துளியைத் தொட்டு, தண்ணீர் வைத்த கோப்பையில் விட்டால், பிரேக் திரவம் கரைந்து மறையும். எண்ணெய் மேலே வட்டமாக மிதந்து வானவில் நிறம் காட்டும். எதுவானாலும் நனைந்த லைனரை மண்ணெண்ணெயில் கழுவி மறுபடி போடுவது வேலையைக் கெடுக்கும். ஊறிய லைனர் சூடேறும்போது உறிஞ்சியதைத் திரும்பக் கக்கும்.

தவறான எண்ணெய் செய்யும் சேதத்துக்கு ஈடில்லை. பிரேக் ரப்பர்கள் கிளைக்கோலுக்கென்றே செய்யப்பட்டவை. எஞ்சின் ஒயிலோ கியர் ஒயிலோ ஒரு கரண்டியளவு விழுந்தாலும் அவை ஊதிப் பருத்துவிடும். கன்வர்ட்டபிள் கூரைகளில் இதே பாடம் தலைகீழாக நடக்கிறது: 1940களின் பிற்பகுதியில் வந்த அமெரிக்கக் கார்களின் கூரைப் பொறியில் பிரேக் திரவமே ஓடியது, பிற்காலத்தவற்றில் கனிம எண்ணெய், ஒன்றுக்குரிய இடத்தில் மற்றதை ஊற்றிய வண்டியில் எல்லா சீலும் போய்விடும். ஆட்டோவில் இதன் முதல் அடையாளம், காலை எடுத்த பின்னும் பிரேக் விடாமல் சக்கரங்கள் சூடாவது. பருத்த ரப்பர், திரவம் டப்பாவுக்குத் திரும்பும் ஊசித்துளையை அடைத்துக்கொள்கிறது. இந்த நிலையில் திரவத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை. எல்லா ரப்பரையும் மாற்றி, குழாய்களைப் புதுத் திரவத்தால் கழுவ வேண்டும்.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, ஐந்து ஆண்டுக்குப் பிறகே தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆகவே தோட்டத்து டிவிஷன்களில் கொழுந்து எடுக்கும் அம்மாவையும் பிரசவ வலியோடு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகும் பெண்ணையும் ஏற்றிச்செல்லும் ஆட்டோக்களில் பல, பத்து வயதைத் தாண்டியவை. அவற்றில் கப் ரப்பரோடு வளையும் ஹோஸ் குழாய்களையும் மாற்றத்தான் வேண்டும். வெளியே நல்லதாகத் தெரியும் ஹோஸ் உள்ளே வீங்கிக் கதவுபோல் வேலை செய்யும். திரவத்தைப் போக விடும், திரும்ப விடாது.

காற்றை வெளியேற்றும் வேலைக்கு இருவர் வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். வீல் சிலிண்டரில் காற்றை வெளியேற்றும் பிளீடர் முனையில் தெளிந்த பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் புதுத் திரவம் உள்ள போத்தலில் மூழ்கவிட வேண்டும். ஒருவர் சீட்டில், மற்றவர் சக்கரத்தடியில் போன் வெளிச்சத்தோடு. ‘அமுக்கு.’ ‘அமுக்கிட்டேன்.’ ‘பிடி, விட்டுடாதே.’ முனை கால் சுற்றுத் திறந்ததும் குழாயில் கறுத்த திரவமும் குமிழிகளும் ஓடும், பெடல் இறங்கும். முனையை மூடிய பிறகே ‘விடு’. இந்த வரிசை ஒருமுறை பிசகினாலும் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போகும். டப்பாவில் திரவம் அடிவரை வற்றாமல் இடையிடையே ஊற்ற வேண்டும். போத்தலில் சேர்ந்ததை மறுபடி ஊற்றவே கூடாது. திரவம் சிந்திய இடத்தில் உடனே தண்ணீர் விடாவிட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

வழியில் பெடல் விழுந்தால், வேகமாகப் பம்ப் பண்ணியபடி ஒவ்வொரு கியராகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் இறுகி வண்டி சுழலும். பள்ளத்துப் பக்கத்தை விட்டு மண்மேட்டுப் பக்கம் உரசுவது மேல். நின்ற பின் சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு விழும். 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்லக் குறுக்குவீதி இறக்கத்தில் ஒரு பஸ் வேனிலும் ஆட்டோவிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். அந்தச் சரிவில் கடைசி வளைவுக்கு முன் முடிவெடுக்க நேரம் எவ்வளவு குறைவு என்பது அவ்வழியே போகிறவர்களுக்குத் தெரியும்.

வேலை முடிந்த வண்டியை முதலில் சமதரையிலும், பிறகு ஆள் ஏற்றாமல் ஒரு சிறு இறக்கத்திலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். நிறுத்தியதும் மூன்று டிரம்மின் அருகிலும் புறங்கையைத் தொடாமல் காட்டினால் சூடு தெரியும். இரண்டு பின்சக்கரமும் ஒரே அளவு சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் சுட்டால் அது விடவில்லை. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது பிடிக்கவே இல்லை. இரண்டில் எதுவானாலும் அந்த டிரம்மை மறுபடி கழற்ற வேண்டும்.