கடுதாசி உங்களுக்கு, கவர் எனக்கு

பத்து வயதில் நான் செய்த ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

தூத்துக்குடியில் எங்கள் தெருவில் ஓர் அண்ணன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். வருஷத்தில் ஒன்பது மாதம் கடலில், மிச்சம் மூன்று மாதம் வீட்டுத் திண்ணையில். கடலில் இருக்கிற மாதங்களில் அவருக்குப் பதிலாக அவர் கடிதங்கள் வரும். எனக்கு அப்போது ஸ்டாம்ப் பைத்தியம். தபால்காரர் சைக்கிள் அந்த வீட்டு வாசலில் நின்றால் நான் அடுத்த நிமிஷம் அங்கே நிற்பேன். மதினி கவரை ஓரமாகக் கிழித்து, கடிதத்தை எடுத்துக்கொண்டு, கவரை நீட்டுவார். “கடுதாசி எனக்கு, கவர் உனக்கு. சரியா தம்பி?”

நியாயமான பாகப்பிரிவினை என்றுதான் இரண்டு பேருமே நினைத்தோம்.

வெதுவெதுப்பான தண்ணீரில் கவரை ஊறப்போட்டால் ஸ்டாம்ப் தானாகக் கழன்று வரும். காயவைத்து ஆல்பத்தில் ஒட்டிவிட்டு, கவரைக் கசக்கி எறிந்துவிடுவேன். பனாமா, பிரேசில், சிங்கப்பூர் என்று நாடு நாடாகச் சேர்ந்தது. சில கவர்களில் மட்டும் இந்திய ஸ்டாம்பே இருக்கும். ‘இந்தியா ஸ்டாம்ப் எவனுக்கு வேணும்?’ என்று அதைத் தண்ணீரில்கூடப் போடாமல் முழுசாகக் குப்பையில் எறிந்தேன்.

வளர்ந்து, பி.காம். முடித்து, பத்திரிகைக்கு வந்து பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, எறிந்ததுதான் அசல் சரக்கு என்று. நடுக்கடலில், கப்பலில் போடப்படும் கடிதத்தில் அந்தக் கப்பலின் கொடி எந்த நாட்டுடையதோ அந்த நாட்டு ஸ்டாம்பை ஒட்டலாம் என்று 1891-ல் வியன்னாவில் கூடிய சர்வதேச தபால் மாநாடு விதி செய்தது. அடுத்த துறைமுகத்துத் தபால் நிலையம் அதை வாங்கி, தன் ஊர் முத்திரையைக் குத்தி, ‘பாக்கபோ’ என்ற பிரெஞ்சு வார்த்தையையும் அடிக்கும். அதாவது, இது கப்பலிலிருந்து இறங்கிய கடிதம். இந்திய ஸ்டாம்பின் தலையில் ராட்டர்டாம் முத்திரை விழுவது அப்படித்தான். அதைத் தேடி உலகம் முழுக்க ஆட்கள் அலைகிறார்கள். நான் எத்தனை எறிந்தேனோ, தெரியாது.

இந்த அலைகிற ஆட்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. இவர்கள் வெறும் ஸ்டாம்ப் சேகரிப்பவர்கள் இல்லை. தபால் வரலாற்றுக்காரர்கள். கடிதம் எந்த வழியாகப் போனது, யார் சுமந்தார்கள், எவ்வளவு காசு, எங்கே தாமதம் என்று உறையைப் பார்த்தே சொல்கிறவர்கள். மாலுமிக் கடிதம் என்றால் வேலை இன்னும் கஷ்டம். முகவரியே நகர்ந்துகொண்டிருக்கும் அல்லவா! இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படைக்காரனுக்கு எழுத வேண்டுமானால் கப்பல் பெயரைப் போட்டு, ‘மேற்பார்வை: ஜி.பி.ஓ., லண்டன்’ என்று எழுத வேண்டும். கப்பல் எங்கே நிற்கிறது என்று எதிரிக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று, அங்கிருந்து வந்த கடிதங்களில் ஊர்ப் பெயரே இல்லாத ஊமை முத்திரைகளைக் குத்தினார்கள். அந்த ஊமையை வைத்துக்கொண்டு, கப்பலின் பயணக் குறிப்போடு ஒப்பிட்டு, ‘இது இன்ன மாதம் இன்ன துறைமுகம்’ என்று கண்டுபிடிக்கிறார்கள். போலீஸ் தோற்கும் வேலை. தலைவணங்குகிறேன்.

ஆனால், வணங்கி எழுந்ததும் ஒரு கேள்வி. உள்ளே இருக்கிற கடிதம் எங்கே?

சென்னையில் ஒரு கண்காட்சி. கண்ணாடிச் சட்டத்துக்குள், 1800-களின் தொடக்கத்தில் ஒரு பிரிட்டிஷ் மாலுமி எழுதிய கடிதம். பக்கத்தில் பொடி எழுத்தில் விளக்கம்: கட்டணம், முத்திரை வகை, கேப்டன் பெயர். சொந்தக்காரர் அருகிலேயே நின்றார். “உள்ளே என்ன சார் எழுதியிருக்கு?” என்று கேட்டேன். ‘என்ன கேள்வி இது’ என்கிற மாதிரி பார்த்தார். “அதுவா... அது பர்சனல் சார்!”

இருநூறு வருஷம் ஆன பிறகும் பர்சனல்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை, மார்க் அப்படி. சர்வதேச ஸ்டாம்ப் கண்காட்சிகளில் தபால் வரலாற்றுப் பிரிவுக்கு நூறு மார்க். விஷயத்தைக் கையாண்ட விதத்துக்கு 20, அதன் முக்கியத்துவத்துக்கு 10, அறிவுக்கும் ஆராய்ச்சிக்கும் 35, பொருளின் நிலைமைக்கு 10, அபூர்வத்துக்கு 20, அடுக்கிய அழகுக்கு 5. கூட்டிப் பார்த்துவிட்டேன், நூறு சரியாக வருகிறது. கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்குத் தனியாக ஒரு மார்க்கூட இல்லை. சமூக வரலாற்றுக்கென்று ஓர் உட்பிரிவு வைத்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் பாட்டிக்கு ஒதுக்கிய பின்கட்டு அறை மாதிரிதான் அது.

அந்தக் கண்ணாடிச் சட்டத்துக் கடிதத்துக்கு வருகிறேன். அதன் கதை பெரியது.

1795-ல் பிரிட்டிஷ் பார்லிமென்ட் ஒரு சலுகைச் சட்டம் போட்டது. படையில் இருக்கும் சாதாரணச் சிப்பாயும் மாலுமியும் ஒரு பென்னி கொடுத்து ஊருக்குக் கடிதம் அனுப்பலாம். வீட்டிலிருந்து அவர்களுக்கும் ஒரு பென்னியில் அனுப்பலாம். அதிகாரிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. எல்லாருக்கும் ஒரு பென்னி தபால் வந்தது 1840-ல்தான். அதற்கு 45 வருஷம் முன்பே கப்பலின் அடித்தட்டில் இருந்தவனுக்கு அது கிடைத்துவிட்டது.

கணக்குப் படித்தவன் என்பதால் ஒரு கணக்கு. 1797-ன் தொடக்கத்தில் தேர்ந்த மாலுமிக்குச் சம்பளம் 28 நாள் மாதத்துக்கு 24 ஷில்லிங். 1653-லிருந்து அதே சம்பளம்! 24 ஷில்லிங் என்றால் 288 பென்னி, நாளுக்குப் பத்து பென்னி சொச்சம். அந்த வருஷம் இங்கிலாந்துக்குள் 150 மைலுக்கு மேல் போகும் ஒற்றைத் தாள் கடிதத்துக்கு 8 பென்னி. முக்கால் நாள் சம்பளம்! அதையும் வழக்கமாகக் கொடுப்பது எழுதுகிறவன் இல்லை, பெறுகிறவர். தபால்காரன் வாசலில் நின்று எட்டு பென்னி கேட்டால் கிராமத்து ஏழைத் தாய் என்ன செய்வாள்? பிள்ளை ஒரு பென்னியை முன்கூட்டியே கட்டிவிட்டால் அவள் கையை நீட்டி வாங்கிக்கொள்ளலாம். அந்த ஒரு பென்னியின் அருமை இதுதான். (அதே 1797 ஏப்ரலில் ஸ்பிட்ஹெட்டில் மாலுமிகள் வேலை செய்ய மறுத்துச் சம்பள உயர்வு வாங்கியது வேறு கதை.)

சலுகைக்கு நிபந்தனை உண்டு. சொந்த விஷயம் மட்டும்தான் எழுதலாம். ஒரே தாள்தான் இருக்கலாம். மேலுறையில் மாலுமியின் பெயரும் கப்பலின் பெயரும் இருக்க வேண்டும், கூடவே கப்பல் தலைவர் தன் கையால் கையெழுத்துப் போட வேண்டும்.

கவனியுங்கள். தாய்க்கு எழுதும் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் கேப்டன் முன்னால் நிற்க வேண்டும். சவுக்கடி கொடுக்கும் அதிகாரம் உள்ளவர் அவர். பிரித்துப் படி என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் கையெழுத்து மேலே விழப்போகிறது என்று தெரிந்தவன் உள்ளே என்ன எழுதுவான்? ‘சாப்பாடு நன்றாக இருக்கிறது’ என்றுதானே! வெளியே இருக்கும் கையெழுத்தைப் பார்க்காமல் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. உள்ளே இருப்பதைப் படிக்காமல் வெளியே இருப்பதற்கு என்ன விலை கொடுத்தான் என்றும் தெரியாது.

இன்னொன்று. அந்தக் காலத்தில் தனிக் கவர் போட்டால் அதையும் ஒரு தாளாக எண்ணிவிடுவார்கள், சலுகை போச்சு. அதனால் எழுதிய தாளையே மடித்து, மெழுகு வைத்து ஒட்டி, முதுகில் முகவரி எழுதினார்கள். கடிதமும் உறையும் ஒரே காகிதம். நானும் மதினியும் செய்த பாகப்பிரிவினை இங்கே நடக்கவே நடக்காது. ஆனாலும் செய்துவிட்டார்கள் பாருங்கள். முகவரிப் பக்கம் கண்ணாடிக்கு, எழுதிய பக்கம் பலகைக்கு. கடிதம் சுவரைப் பார்த்து நிற்கிறது.

இதன் உச்சத்தை அமெரிக்காவில் பார்க்கலாம். அங்கே கடற்படைக் கப்பல்களில் தபால் நிலையங்கள் 1908-ல் வந்தன. அந்த முத்திரைகளைச் சேகரிக்க 1932-ல் தனிச் சங்கமே அமைந்தது. முத்திரைகளுக்கு வகை, உள்வகை, எண் என்று மருத்துவக் கல்லூரி கணக்காகப் பட்டியல் போட்டார்கள். 1930-களில் மோகம் தலைக்கேறி, சேகரிப்பவர்கள் தங்கள் முகவரியைத் தாங்களே எழுதி, வெற்றுக் கவர்களைக் கப்பல் கப்பலாக அனுப்பி முத்திரை குத்தி வாங்கினார்கள். எழுதியவனும் இல்லை, எழுதியதும் இல்லை. கவர் மட்டும் கடலைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியது.

சந்தையோ நேர் எதிர்த் துருவம். 2017-ல் ஒரு டைட்டானிக் கடிதம் 1,26,000 பவுண்டுக்கு ஏலம் போனது. மாலுமி எழுதியது அல்ல, பயணி ஒருவர் தன் தாய்க்கு எழுதியது. அவர் உடலோடு கிடைத்த அதில் ஸ்டாம்ப் இல்லை, முத்திரை இல்லை, அது தபாலில் போகவே இல்லை. அதே கப்பலில் தபால் பிரிக்கும் வேலையிலிருந்த ஐந்து ஊழியர்களும் இறந்துபோனார்கள். அவர்களை எந்த ஏலக்காரரும் கூவி விற்பதில்லை.

சரி, உள்ளே இருப்பதை மட்டும் படிப்பவர்கள் ஒழுங்கா? அதுவும் இல்லை. என் ஜாதியையே சொல்கிறேன், பத்திரிகைக்காரர்களை.

2023 நவம்பரில் ஒரு செய்தி உலகம் சுற்றியது. லண்டனில் கியூ என்ற இடத்தில் இருக்கும் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ரெனோ மோரியூ ஒரு பெட்டியை வரவழைத்திருக்கிறார். உள்ளே ரிப்பன் கட்டிய மூன்று சின்னக் கட்டுகள். மெழுகு முத்திரைகூட உடையாத பிரெஞ்சுக் கடிதங்கள், மொத்தம் 104. ‘265 வருஷம் பிரிக்கப்படாத காதல் கடிதங்கள்!’ என்று எல்லாரும் தலைப்புப் போட்டோம். நானாக இருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பேன்.

அவை ‘கலத்தே’ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலின் ஆட்களுக்கு வந்த கடிதங்கள். போர்தோவிலிருந்து கியூபெக் போகும் வழியில், 1758-ல் ஆங்கிலேயர் அந்தக் கப்பலைப் பிடித்துவிட்டார்கள். ஒரு மனைவி, கப்பலின் முதல் லெப்டினன்டான கணவருக்கு, ‘இரவு முழுக்க உனக்கு எழுதிக்கொண்டே இருப்பேன்’ என்கிற ரீதியில் எழுதியிருந்தாள். கணவன் அதைப் பார்க்கவே இல்லை. அடுத்த வருஷமே அவள் இறந்துவிட்டாள். 1761-ல் அவர் வேறு கல்யாணம் செய்துகொண்டார். தலைப்புக்கு ஏற்ற விஷயம்தான், மறுக்கவில்லை.

ஆனால் எனக்குப் பிடித்தது வேறு. நார்மண்டியில் 61 வயதுத் தாய் ஒருத்தி மகனுக்குச் சொல்லி எழுதவைத்தது. அவளுக்கு எழுதத் தெரிந்திருக்காது, யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். விஷயம் என்ன? நிச்சயித்த பெண்ணுக்கு மட்டும் எழுதுகிறாயே, பெற்றவளுக்கு எழுதினாயா என்ற சண்டை! அந்தப் பெண் தனியாக எழுதுகிறாள்: அம்மாவுக்கும் எழுதிவிடு, என் தலை தப்பட்டும் என்ற மாதிரி. கடல் கடந்தும், இருநூற்றைம்பது வருஷம் கடந்தும் மாமியார் வீடு மாறவில்லை.

இப்போது கவர் பக்கம் வாருங்கள். இந்தக் கடிதங்களுடன் தபால்துறை துறைமுகம் துறைமுகமாக ஓடியிருக்கிறது. கடிதம் போய்ச் சேரும்போது கப்பல் கிளம்பியிருக்கும். கப்பல் பிடிபட்ட சேதி வந்ததும், ‘கைதிகளிடம் சேர்ந்தாலும் சேரட்டும்’ என்று கட்டை எதிரி நாட்டுக்கே அனுப்பிவைத்தார்கள். அந்த 1758-ல் மட்டும் 60,137 பிரெஞ்சு மாலுமிகளில் 19,632 பேர் பிரிட்டனில் அடைபட்டுக் கிடந்தார்கள் என்கிறார் மோரியூ. மூன்றில் ஒருவர்! லண்டனில் ஒரு குமாஸ்தா இரண்டைப் பிரித்துப் பார்த்து, ‘சே, குடும்ப விவகாரம், ராணுவ ரகசியம் ஒன்றும் இல்லை’ என்று மிச்சத்தைக் கட்டி மூலையில் போட்டுவிட்டார்.

இதை விட்டுவிட்டுப் படித்தால், மகன் எழுதாதது அலட்சியம் என்று தோன்றும். தாய் அப்படித்தானே நினைத்துக் கோபப்பட்டாள்! அவள் கோபமே அவனுக்குப் போகவில்லை என்று சொல்வது கடிதம் அல்ல, உடையாத மெழுகு. மோரியூவின் ஆராய்ச்சிக் கட்டுரையில் இந்த இரண்டும் இருக்கின்றன. குடும்பங்கள் ஒரே விஷயத்தைப் பல துறைமுகங்களுக்கு எழுதியது, அடுத்த வீட்டுக் கடிதத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொன்னது எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். எங்கள் தலைப்புகளில்தான் காதல் மட்டும் நின்றது.

போன வருஷம் தூத்துக்குடி போயிருந்தேன். அண்ணன் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. மதினி ஒரு பிஸ்கெட் டின்னை எடுத்து வந்து வைத்தார். உள்ளே கடிதங்கள், பழுப்பேறி, மடிப்பில் கிழிந்து. “நீதான் பத்திரிகைல எழுதுறவனாச்சே தம்பி. இதெல்லாம் எது முன்னாடி, எது பின்னாடின்னு அடுக்கிக் குடு. பேத்தி படிக்கணும்ங்கா.”

உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அண்ணனுக்குத் தேதி போடும் பழக்கம் கிடையாது. ‘ஞாயிறு இரவு’ என்பார். ‘நாளை கரை தெரியும்’ என்பார். எந்த ஞாயிறு, எந்தக் கரை? அதெல்லாம் கவரில் இருந்தது.

வீட்டுக்கு வந்து பரணிலிருந்து என் பழைய ஆல்பத்தை இறக்கினேன். நாடு வாரியாக, வரிசையாக, அழகாக ஒட்டியிருக்கிறேன். அநேகமாக எல்லாம் முத்திரையின் ஒரு கோடு மட்டும் பட்டு, சுத்தமாக இருக்கின்றன. பனாமா பக்கத்தில் ஒன்றில் மட்டும் வட்டத்தின் கால்வாசி வளைவும், அதற்குள் 7 என்ற எண்ணும் இருக்கின்றன. அது தேதியா, மாதமா, வருஷத்தின் கடைசி எண்ணா என்று லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.