அரக்கோணத்து மூச்சு, வடசென்னை அடி

திருத்தணியில் ரயிலேறினால் அடுத்தது இச்சிபுத்தூர், அதற்கடுத்தது அரக்கோணம். ராப் பாடகர் அறிவு அந்த ஊர்க்காரர். 2021-ல் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்த பிறகு நம் பக்கத்துக் கல்லூரிப் பையன்களுக்கு அவர்தான் கேப்டன். இருக்கட்டும். ஆனால் அவர் களம் கண்ட முதல் பெரிய அணியை யாரும் அலசுவதில்லை. ஆட்டம் அங்கேதான் இருக்கிறது.

அணியின் பெயர் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 2017-ல் ஆள் தேர்வு நடத்தினார்கள். அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த 'சாதியற்ற தமிழர்' என்ற அடையாளத்திலிருந்து பெயர் வந்தது. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. பத்தொன்பது பேர், எல்லோருக்கும் ஒரே மாதிரி சாம்பல் நிறக் கோட்டு சூட்டு. சாவு வீட்டுப் பந்தலில் லுங்கியோடு பார்த்துப் பழகிய வடசென்னைக் கானாப் பாட்டும், சட்டி, கட்டமோளம், பறை என்ற தாளக் கருவிகளும் அன்றைக்கு டிரம்ஸ், கிட்டாருக்குப் பக்கத்தில் சரிக்குச் சரியாக நின்றன. அந்த உடைத் தேர்வே பாதி வெற்றி என்பேன்.

இதை ஹிப்ஹாப் குழு என்று சொல்லலாமா என்று சுத்தக்காரர்கள் கேட்பார்கள். 1973-ல் நியூயார்க்கின் பிராங்ஸில் பிறந்ததே கையில் கிடைத்ததை வைத்துப் பாடுகிற கலைதான். தமிழுக்கும் அது புதிதல்ல. 2006-லேயே மலேசியாவின் யோகி பி - நட்சத்ரா 'வல்லவன்' ஆல்பத்தில் தமிழ் ராப்பை நிலைநிறுத்திவிட்டார்கள். கோவையிலிருந்து ஹிப்ஹாப் தமிழாவும் வந்துவிட்டது. ஆனால் இவர்களைப் பார்த்து வளர்ந்த பல பையன்கள், அடியை வெளியூரிலிருந்து வாங்கி அதன்மேல் தமிழை உட்காரவைத்தார்கள். கேஸ்ட்லெஸ் உள்ளூர் அடியை வைத்துக்கொண்டு ராப்பை அதற்குள் வரச் சொன்னது.

இனி ஆட்ட நுணுக்கம். கானா பாடகர் அடிக்கு முன்னால் குரலை நீட்டி இழுத்துக்கொண்டு வருவார், சொல்லின் கடைசி எழுத்தைச் சட்டென்று விடமாட்டார். ராப்புக்கு அந்தச் சொகுசு கிடையாது. எழுத்தெழுத்தாக வெட்டி அடிக்குள் அடைக்க வேண்டும். இரண்டும் ஒரே பாட்டில் வந்தால் முட்டிக்கொள்ளும். இந்தக் குழு முட்டவிடவில்லை, முறை வைத்தது. முத்து, பாலச்சந்தர், செல்லமுத்து என்று கானாக் குரல்கள் களத்தைப் பிடித்து வைத்திருக்க, அறிவு கபடியில் பாடிப் போகிறவர் மாதிரி ஒரே மூச்சில் உள்ளே போய்த் தொட்டுவிட்டுத் திரும்பிவருவார். மூச்சு விடுகிற இடத்தில் சட்டி நிரப்பிவிடும். ராப்பரின் மூச்சுத் திணறலை மறைக்கத் தாளக்காரர் அருகிலேயே இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்று, கணினித் தாளத்தில் பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அணியின் ஒரே பெண் இசைவாணி. ஆண்கள் கோட்டையாக இருந்த கானாவில் அவர் குரல் நுழைந்தபோது பாட்டின் உயரமே மாறியது. 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார். தகுதியான தேர்வு.

இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி, ஆணவக் கொலை என்று பாடுபொருள்கள் சூடானவை. கருத்துக்காக மட்டும் கைதட்டியவர்கள் உண்டு, கருத்துக்காக மட்டும் திட்டியவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் தாளக்கட்டைக் கேட்கவில்லை என்பது என் மனக்குறை.

2019-ல் அறிவு, தயாரிப்பாளர் ஆஃப்ரோவோடு சேர்ந்து 'தெருக்குரல்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார். வரிகள் இன்னும் கூராகின. ஆனால் பதிலுக்குப் பதில் கொடுக்கும் கானாக் குரலைத்தான் நான் தேடினேன். கூட்டமாகப் புறப்படும் ஹிப்ஹாப் அணிகளில் ஒருவர் தனியாகப் போவது வழக்கமான கதை. 1993-ல் முதல் ஆல்பம் தந்த அமெரிக்காவின் வூ-டாங் கிளான், உறுப்பினர்கள் தனித்தனியாக வேறு நிறுவனங்களோடு ஒப்பந்தம் போடலாம் என்று ஆரம்பத்திலேயே பேசிவைத்துக்கொண்டது. ஆள் பிரிந்தாலும் அணியின் பெயர் நின்றது. நம்மூரில் தனி நட்சத்திரத்தைத்தான் சினிமா தூக்கிச் செல்கிறது. கட்டமோளக்காரர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

திருத்தணிப் பையன்களுக்குச் சரக்கு பக்கத்திலேயே இருக்கிறது. டிசம்பர் 31 படித் திருவிழாவில் மலைக்கோயிலின் 365 படிக்கும் திருப்புகழ் பாடி ஏறுகிறார்களே, அந்தச் சந்தத்தைவிட வேகமான நாக்குப் பயிற்சி எந்த யூடியூப் வகுப்பிலும் கிடைக்காது. ஆடிக் கிருத்திகைக் காவடிக்குப் பம்பை அடிக்கிறவர்கள் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். தம்பிகளே, மைக் வாங்கும் முன்பு அவர்களில் ஒருவரை அணியில் சேர்த்துக்கொள்ளுங்கள். போஸ்டரில் அவர் பெயரையும் உங்கள் பெயர் அளவுக்கே போடுங்கள்.