லூயிஸின் டிரம்

'மிஸ்டர் ஹாலண்ட்ஸ் ஓபஸ்' (1995) பார்த்தவர்கள் கடைசிக் காட்சியைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். நிதி இல்லையென்று இசை வகுப்பை மூடுகிறார்கள். 30 வருடம் அதே பள்ளியில் உழைத்த ஹாலண்டை வழியனுப்ப அரங்கம் நிறைய பழைய மாணவர்கள். ஒருகாலத்தில் கிளாரினெட்டோடு திணறிய கெர்ட்ரூட் இப்போது மாநில கவர்னர். அழுகை வருது, எனக்கும் வந்தது.

ஆனால் அந்தக் காட்சி எனக்கு உறுத்துகிறது. கவர்னரே மேடையில் நிற்கிறார், வகுப்பு மட்டும் திரும்பி வரவில்லை. போதாததற்கு, இசை படிச்சா கவர்னர் ஆகலாம் என்று வேறு வாதாடுகிறது. நம்மூரில் கணக்கு வாத்தியார் பாட்டு பீரியடை வாங்கிக்கொள்வதும் இதே தராசை வைத்துத்தானே? "பாட்டு கத்து என்ன ஆகப்போகுது?"

படத்தின் உண்மையான வாதம் லூயிஸ் ரஸ். விளையாட்டு அணியில் நீடிப்பதற்காக பேண்டுக்குள் தள்ளப்பட்ட பையன். கையில் பெரிய டிரம், தாளமே பிடிபடாது. தப்பித் தப்பி அடித்து, ஒருநாள் தாளம் உடம்பில் ஏறிவிடுகிறது. அணிவகுப்பில் வாசித்துக்கொண்டே போகும்போது அவன் முகத்தைப் பாருங்கள். அவ்வளவுதான் அவன் கதை. வியட்நாம் போரில் செத்துப்போகிறான். அவன் எதுவும் ஆகவில்லை. அந்த டிரம் வீணா?

படம் இந்தக் கேள்வியைச் சீக்கிரமே கடந்துவிடுகிறது. ஆனால் அதற்கு இசையமைத்த மைக்கேல் கேமன் 1996இல் படத்தின் பெயரிலேயே ஓர் அறக்கட்டளை தொடங்கி, பள்ளிகளுக்கு வாத்தியங்கள் கொடுக்க ஆரம்பித்தார். லூயிஸ் மாதிரிப் பையன்கள் கைக்கும் டிரம் போய்ச்சேர அதுதான் வழி.