இரண்டாவது கார்

எனக்குச் சொந்தத்தில் மோட்டார் கார் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கார் வைத்திருப்பவர் காரைப் பற்றி எழுதினால் பெருமை கலந்துவிடும். இல்லாதவன் எழுதினால் பொறாமை கலந்துவிடும் என்பார்கள். இரண்டும் கலக்காமல் எழுத முடிகிறதா என்று பார்க்கிறேன்.

பழைய கார்களின்மேல் பித்துக்கொண்ட நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவருடைய தகப்பனார் 1968-ல் வாங்கிய ஃபியட் வண்டியை இன்னும் அவர்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார். சென்ற மாதம் ஒரு நாள் சாயங்காலம் அந்த வண்டியில் வந்து இறங்கி, ஒரு கட்டுக் காகிதத்தை என் மேஜைமேல் போட்டார். அமெரிக்காவில் பழைய கார்களைப் பதிவு செய்வது பற்றியும், அவற்றுக்கு நம்பர் தகடு கொடுப்பது பற்றியும் பல ராஜ்யங்கள் செய்து வைத்திருக்கும் விதிகள் அவை.

"ஸார், கதைப் புஸ்தகங்களையெல்லாம் விமரிசனம் பண்ணுகிறீர்களே, இதையும் படித்துவிட்டு ஓர் அபிப்பிராயம் சொல்லுங்கள்" என்றார்.

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பொழுது போகாமல் அதை எடுத்துப் புரட்டியவன், பன்னிரண்டு மணி வரையில் கீழே வைக்கவில்லை. நல்ல நாவலில் பாத்திரங்கள் பேசும் பேச்சிலிருந்தே அவர்களுடைய குணம் தெரிந்துவிடுவது போல, இந்த விதிகளின் வாசகத்திலிருந்தே ஒவ்வொரு ராஜ்யத்தின் குணமும் தெரிந்தது. ஆகவே கேலியை மறந்து, கேட்டபடியே விமரிசனம் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அமெரிக்காவில் காரைப் பதிவு செய்வது மத்திய சர்க்காரின் காரியம் அல்ல. அந்தந்த ராஜ்யத்தின் காரியம். 1901-ல் நியூயார்க் ராஜ்யம் முதன்முதலாகப் பதிவுச் சட்டம் கொண்டுவந்தபோது தகட்டைக்கூட சர்க்கார் கொடுக்கவில்லை. சொந்தக்காரர் தம் பெயரின் முதலெழுத்துக்களைத் தாமே எழுதி வண்டியின் பின்னால் மாட்டிக்கொள்ள வேண்டும். 1903-ல் மாஸசூஸெட்ஸ் ராஜ்யம்தான் இரும்பில் எனாமல் பூசி, நீலத்தின்மேல் வெள்ளை எண் எழுதி, தானே தகடு செய்து கொடுத்தது. அதன் பிறகு ஒவ்வொரு ராஜ்யமும் தன் போக்கில் போயிற்று. தகட்டின் அளவு நாடு முழுவதும் ஒன்றாவதற்கே 1950-களின் பின்பாதி ஆகிவிட்டது. அளவு ஒன்றாயிற்றே தவிர, விதிகள் இன்றுவரை ஒன்றாகவில்லை.

பழைய காருக்குத் தனித் தகடு என்பது பெரும்பாலான ராஜ்யங்களில் உண்டு. வண்டிக்கு இருபத்தைந்து வயது நிரம்பினால் அது 'புராதன' வண்டி என்பது பொதுவான கணக்கு. பென்ஸில்வேனியா இன்னும் தாராளம். பதினைந்து வயதிலேயே 'கிளாஸிக்' என்ற பட்டத்தைக் கொடுத்து, இருபத்தைந்தில் புராதனமாக்குகிறது. கலிபோர்னியாவில் 1922-ஆம் வருஷத்திலோ அதற்கு முன்போ செய்த காருக்கு 'குதிரையில்லா வண்டி' என்றே பெயர் எழுதிய தகடு கொடுக்கிறார்கள். 1965-க்கு முன் செய்ததும், பதினாறோ அதற்கு மேலோ சிலிண்டர்கள் கொண்டதுமான காருக்கும் அதே மரியாதை உண்டு. இந்தப் பெயரை வைத்த குமாஸ்தா யாரோ தெரியாது. ரஸிகன் என்பதில் சந்தேகமில்லை.

இந்தத் தகட்டினால் லாபம் என்ன? கட்டணம் குறையும். சில ராஜ்யங்களில் ஒரு தடவை கட்டினால் ஆயுள் முழுவதும் போதும். பல இடங்களில் வருஷந்தோறும் நடக்கும் பிரேக், விளக்குச் சோதனையும் புகைச் சோதனையும் கிடையாது. இவ்வளவு சலுகை கொடுக்கிற சர்க்கார் பதிலுக்கு ஒன்று கேட்கிறது: "இதைத் தினசரி வண்டியாக ஓட்டாதே." நியாயமான பேரந்தான். ஆனால் 'தினசரி' என்பதை எப்படி அளப்பது? இந்த இடத்தில்தான் ராஜ்யங்களின் குணசித்திரம் ஆரம்பமாகிறது.

மாஸசூஸெட்ஸ் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். கண்காட்சி, சங்கக் கூட்டம், ஊர்வலம், பொதுஜனங்களுக்கு அக்கறையுள்ள வைபவங்கள் என்று பட்டியல் போட்டுக் கொடுத்து, அதற்குள் நடந்துகொள் என்கிறது. வர்ஜீனியா ஒரு சர்வேயர். வீட்டிலிருந்து இருநூற்றைம்பது மைலுக்குள் உல்லாசமாக ஓட்டிக்கொள்ளலாம், ஆபீஸுக்குப் போகக் கூடாது என்று எல்லைக்கல் நட்டுவிடுகிறது. பென்ஸில்வேனியா ஒரு கணக்குப்பிள்ளை. எப்போதாவது சொந்தக் காரியத்துக்கு ஓட்டலாம். ஆனால் வாரத்தில் ஒரு நாளுக்கு மேல் கூடாது என்று நாளை எண்ணுகிறது.

இந்தக் கூட்டத்தில் என் மனத்தைக் கவர்ந்தது மிச்சிகன். அதுவும் ஆரம்பத்தில் கண்டிப்பாகத்தான் பேசுகிறது. சங்கக் காரியம், கண்காட்சி, ஊர்வலம், யந்திரத்தைச் சோதித்துப் பார்ப்பது, இவற்றுக்கு மட்டும் என்கிறது. பிறகு ஒரு வரி வருகிறது: ஆகஸ்டு மாதத்தில் மட்டும் வேறு காரியத்துக்கு ஓட்டினாலும் குற்றமில்லை. டெட்ராய்ட் பக்கத்தில் உட்வர்ட் அவென்யூ என்ற சாலையில் 1995 முதல் ஆகஸ்டில் பழைய கார்களின் பெரிய பவனி நடக்கிறது. கார் உற்பத்தியினாலேயே பிழைத்த ஊர் அது. கோடையில் ஒரு மாதம் பழைய வண்டி வெறுமனே தெருவில் போய் வரட்டும் என்று அந்த ஊர்ச் சட்டமே சொல்வதில் ஒரு மனிதத்தன்மை இருக்கிறது. பதினோரு மாதம் கறாராக இருக்கும் தகப்பனார் தீபாவளிக்குக் குழந்தைகளின் கைக்காசைக் கணக்குக் கேட்காமல் இருப்பது போல.

ரஸிக்கத்தக்க இன்னொரு விதியும் உண்டு. கலிபோர்னியா, வர்ஜீனியா, நியூயார்க் போன்ற ராஜ்யங்களில், கார் செய்த அதே வருஷத்துத் தகட்டை எங்கேயாவது தேடிப் பிடித்துவந்தால், அதிலுள்ள எண்ணையே அந்தக் காருக்குப் பதிவு செய்து கொடுக்கிறார்கள். துருப்பிடித்துப் பரணில் கிடந்த தகடு மறுபடியும் சட்டப்படி செல்லுபடியாகிறது. சர்க்கார் ஆபீஸ் ஒன்றிலிருந்து இவ்வளவு நயமான யோசனை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இதுவரை புகழ்ந்தாயிற்று. இனி என் ஆக்ஷேபணையைச் சொல்கிறேன்.

வர்ஜீனியாவின் விதியில், மைல் கணக்கெல்லாம் வருவதற்கு முன்பாகவே ஒரு நிபந்தனை இருக்கிறது. புராதனத் தகடு கேட்பவருக்குச் சொந்தமாக வேறொரு வண்டி இருக்க வேண்டும். அல்லது வேறொரு வண்டி அவருடைய வழக்கமான உபயோகத்தில் இருக்க வேண்டும். முதல் தடவை இதைச் சாதாரணமாகப் படித்துத் தள்ளிவிட்டேன். இரண்டாம் தடவை படித்தபோது நின்றுவிட்டேன்.

இரண்டு பேரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒருவர் பணக்காரர். அவர் கொட்டகையில் 1931-ஆம் வருஷத்துக் காடிலாக், பதினாறு சிலிண்டர். ஆபீஸுக்குப் போக வேறு கார். மற்றொருத்தி ஆஸ்பத்திரியில் நர்ஸு வேலை பார்ப்பவள். 1998-ல் செய்த டொயோட்டா அவளிடம் இருக்கிறது; அதைவிட்டால் வேறு வண்டி இல்லை. வயதுக் கணக்குப்படி இரண்டு காரும் புராதனந்தான். ஆனால் சலுகை முதல்வருக்கு மட்டுமே. நர்ஸு புதுக் கார்க்காரர்களைப் போலவே கட்டணம் கட்ட வேண்டும். வருஷந்தோறும் வண்டியைச் சோதனைக்குக் கொண்டு நிறுத்த வேண்டும். ஒரே வயதுள்ள பொருள், செல்வர் வீட்டில் 'புராதனம்'. ஏழை வீட்டில் வெறும் 'பழசு'. இந்த வித்தியாசத்தை உண்டாக்குவது பழைய கார் அல்ல, பக்கத்தில் நிற்கும் இரண்டாவது கார்.

நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"நீங்கள் நாவல்காரர், உடனே கண்ணீர் வந்துவிடுகிறது" என்றார். "புகைச் சோதனையும் பிரேக் சோதனையும் எதற்காக, ஸார்? தெருவில் போகிற மற்றவனுக்காக. வருஷத்துக்கு முந்நூறு மைல் ஓடுகிற வண்டியைச் சோதிக்காமல் விடலாம். தினம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியை விட முடியுமா?"

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தினசரி ஓடும் வண்டியைச் சோதிக்கத்தான் வேண்டும். அந்த நர்ஸின் பிராணனுக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. ஆனால் அவருடைய வாதம் ஓடுகிற தூரத்தைப் பற்றியது. வர்ஜீனியாவின் நிபந்தனையோ சொத்தைப் பற்றியது. தினம் ரயிலில் வேலைக்குப் போகிறவன் ஒருவன், தகப்பன் விட்டுப்போன பழைய கார் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மாத்திரம் எடுத்து ஓட்டுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் என்ற கணக்குக்கு அவன் அழகாக அடங்கிவிடுவான். இரண்டாவது கார் என்ற கணக்குக்கு அடங்கமாட்டான். ஓட்டத்தைக் கட்டுப்படுத்த நினைத்த சட்டம், அதை அளப்பது கஷ்டம் என்பதற்காகச் சொந்தக்காரரின் சொத்தை அளந்துவிட்டது. கதையில் பாத்திரத்தின் மனத்தைக் காட்டத் தெரியாத எழுத்தாளர் அவன் சட்டையை வர்ணித்துவிட்டுப் போவதில்லையா, அந்த மாதிரி.

அப்படியானால் ஒன்றுமே கேட்காமல் கொடுத்துவிடலாமா? அதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. வெர்மாண்ட் ராஜ்யத்தில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட காருக்கு உரிமைப் பத்திரம் தேவையில்லை. விற்பனைச் சீட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, அந்த ராஜ்யத்தில் காலே வைக்காத வெளியூர்க்காரர்கள்கூடத் தபாலிலேயே பதிவு செய்துகொண்டார்கள். தாத்தாவின் கொட்டகையில் காகிதம் தொலைந்துபோய்க் கிடந்த காரைக் கண்டெடுத்த பேரனுக்கு அது பெரிய உபகாரந்தான். ஆனால் திருட்டுக் காருக்கும் அதே வாசல் திறந்திருந்தது. கடைசியில் 2023-ல் வெளியூர்க்காரர்களுக்கு அந்த வாசலைச் சாத்த வேண்டியதாயிற்று. அளவுக்கு மீறிக் கேட்பது ஒரு பிழையென்றால், கேட்காமலே இருப்பதும் பிழைதான். அதனால் நஷ்டமடைந்தவன் யோக்கியமான பேரன்.

எனக்குப் பிடித்த தீர்வு டெக்ஸஸினுடையது. இருபத்தைந்து வயதான காருக்கு அங்கே இரண்டு விதத் தகடுகள் உண்டு. 'புராதன'த் தகட்டை எடுத்துக்கொண்டால் ஐந்து வருஷத்துக்கு ஒரே கட்டணம். ஆனால் தினசரி ஓட்டக்கூடாது. 'கிளாஸிக்' தகட்டை எடுத்துக்கொண்டால் மற்ற கார்களைப் போல வருஷந்தோறும் பணம் கட்ட வேண்டும்; விருப்பம்போல் ஓட்டிக்கொள்ளலாம். உன் வீட்டில் எத்தனை கார் என்ற கேள்வி இங்கே இல்லை. எப்படி ஓட்டப்போகிறாய், நீயே சொல் என்று கேட்டு, சொன்ன வார்த்தைக்குத் தகுந்த விலையை வாங்கிக்கொள்கிறது. பொய் சொல்பவர்கள் அங்கேயும் இருப்பார்கள். ஆனால் யோக்கியமாக ஓட்ட விரும்புகிற ஏழைக்கும் பழமையின் பெயர் பொறித்த தகடு ஒன்று கிடைக்கிறது. சட்டத்திடம் இதைவிட அதிகம் எதிர்பார்ப்பதற்கில்லை.

நம் நாட்டிலும் 2021-ல் மத்திய சர்க்கார் இதற்கென விதி செய்தது. இங்கே ராஜ்யத்துக்கொரு விதமல்ல. நாடு முழுவதற்கும் ஒரே விதி. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் தாண்டி, மூல உருவம் மாறாத கார்களும் மோட்டார் சைக்கிள்களும் 'விண்டேஜ்' வண்டிகள். புதிதாகப் பதிவு செய்தால் ராஜ்யத்தின் எழுத்துக்குப் பின் 'வி.ஏ.' என்ற எழுத்துக்கள் வரும். கட்டணம் இருபதாயிரம் ரூபாய். பத்து வருஷத்துக்குச் செல்லும். கண்காட்சிக்கும் பவனிக்கும், பெட்ரோல் போடவும், பழுது பார்க்கவும் எடுத்துப் போகலாம். வழக்கமான உபயோகம் கூடாது. ஏற்கனவே பதிவான வண்டிகள் தங்கள் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை உண்டு. அந்த வரி ஒன்றுக்காகவே அதை எழுதியவரை நான் வாழ்த்துகிறேன்.

காகிதக் கட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது நண்பரைக் கேட்டேன்: "உங்கள் ஃபியட்டுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டதே, விண்டேஜ் பதிவு வாங்கிக்கொள்ளலாமே?"

அவர் ஜன்னல் வழியாகத் தெருவில் நின்ற வண்டியைப் பார்த்தார். அதன் எண் 'எம்.எஸ்.' என்று ஆரம்பிக்கிறது. சென்னை ராஜ்யம் என்ற பெயரே 1969-ல் போய்விட்டது. வண்டியின் நெற்றியில் மட்டும் இன்னும் இருக்கிறது.

"வாங்கிக்கொள்ளலாம், ஸார்" என்றார். "அப்புறம் நாளைக் காலையில் கறிகாய் வாங்க எதில் போவது? என்னிடம் இருப்பது இது ஒன்றுதானே?"

ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை சோதனைக்குக் காட்டி, பழைய பதிவையே அவர் புதுப்பித்துக்கொண்டு வருகிறார். நர்ஸுக்காக நான் பேசியபோது மறுத்துப் பேசியவர் அவர்தான். அதை ஞாபகப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. வாசல்வரையில் போய் வழியனுப்பினேன். இரண்டு தடவை இருமிவிட்டு, மூன்றாம் தடவை ஃபியட் கிளம்பியது.