டிரக் கேப்பின் உடைந்த லாட்ச்: மாற்றுக் கிட் தேறுமா?

பிக்கப் டிரக்கின் பின்தொட்டிக்கு மேல் ஃபைபர்கிளாஸ் கூடு ஒன்றை மாட்டி மூடிய வண்டியாக்கிக்கொள்வது வட அமெரிக்காவில் சர்வசாதாரணம். கேப் என்றோ டாப்பர் என்றோ சொல்வார்கள். டொராண்டோவின் ஸ்கார்பரோ பக்கம் ஃபுளோரிங், பிளம்பிங், மின்வேலை செய்யும் தமிழர்களின் வண்டிகளிலும் இதைப் பார்க்கலாம். கருவிகள் பனியில் நனையாது. இரவில் பூட்டியும் வைக்கலாம். புதிது சில ஆயிரம் டாலர். அவ்வளவு விலை கொடுத்த பொருளை உபயோகமில்லாமல் ஆக்குவது பெரும்பாலும் பின்கதவு லாட்சில் இருக்கும் ஒரு சின்ன உலோகத் துண்டுதான்.

நண்பர் ஒருவரின் டொயோட்டா டகோமாவில் இருந்த கேப்புக்கு, இணையக் கடைகளில் கிடைக்கும் பெயர் தெரியாத மாற்றுக் கிட் ஒன்றைப் பொருத்திப் பார்த்தோம். நடுவில் வைக்க ஒரு டி-ஹேண்டில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ரோட்டரி லாட்ச், இவற்றை இணைக்கும் கம்பிகள், பிளாஸ்டிக் கிளிப்புகள், சாவி. அவ்வளவுதான் பெட்டியில்.

ஹேண்டிலைத் திருப்பினால் அதன் முதுகில் உள்ள கேம் இரண்டு கம்பிகளையும் ஒரே நேரத்தில் இழுக்கும். கம்பி இழுபட்டதும் லாட்சின் வாய் திறந்து, கூட்டின் சட்டத்தில் நிற்கும் ஸ்ட்ரைக்கர் போல்ட்டை விட்டுவிடும். பிறகு கேஸ் ஸ்ட்ரட் கதவை மேலே தள்ளும். ஒரு பக்கம் மட்டும் விட்டு மறுபக்கம் பிடித்துக்கொண்டால் வம்பு. சட்டமில்லாத கண்ணாடிக் கதவு முறுக்கிக்கொள்ளும். அந்த நிலையில் பலத்தைக் காட்டினால் லாட்சோடு கண்ணாடியும் போகும்.

பழைய ஹேண்டில் கேமின் காதில் முறிந்திருந்தது. அது துத்தநாகக் கலவையில் வார்த்தது. ஏறத்தாழ 4 சதவீதம் அலுமினியம் கலந்த ஸமாக் வகை உலோகம். வார்ப்பதற்கு எளிது, மலிவு. ஆனால் உறைநிலைக்குக் கீழே போனால் அடிதாங்கும் தன்மை சட்டென்று குறைந்துவிடும். சாலையில் தூவும் உப்பு வேறு அதை வெள்ளைப் பொடியாக அரிக்கிறது. கனடாக் குளிருக்கு இதைவிடப் பொருந்தாத உலோகத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். மாற்றுக் கிட்டில் வந்ததும் அதே உலோகம்தான், மேலே கறுப்புப் பூச்சு மட்டும் புதிது.

ஆனாலும் பழியை உலோகத்தின் மேல் மட்டும் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் புதிதாக ஒட்டியதாலோ பழையது இறுகியதாலோ கதவை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். ஸ்ட்ரைக்கர் சற்று விலகியிருக்கும். லாட்ச் எப்போதும் அழுத்தத்திலேயே நிற்க, ஒவ்வொரு முறையும் ஹேண்டிலை முறுக்கித்தான் திறக்க வேண்டியிருக்கும். போதாததற்கு, குளிரில் ஸ்ட்ரட்டின் வாயு அழுத்தம் குறைந்து கதவு தானாக ஏறாது. ஆட்கள் ஹேண்டிலையே பிடித்துத் தூக்குவார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. “கதவை ஒருக்கா அமத்திப் பிடியுங்கோ அண்ணை” என்று சொல்லிவிட்டு நண்பர் ஹேண்டிலைத் திருப்பினார், பூப்போலத் திரும்பியது. விட்டதும் மறுபடி இறுகியது. கோளாறு ஸ்ட்ரைக்கரில் என்பது அத்தோடு முடிவாயிற்று.

பூட்டிய நிலையில் ஹேண்டில் உடைந்தால் தலைவலி அதிகம். கேப்பின் கதவு, தொட்டியின் பின்பலகையான டெயில்கேட்டின் மேல்விளிம்பை மறைத்து நிற்பதால் அதையும் இறக்க முடியாது. கேபினின் பின்ஜன்னலும் கேப்பின் முன்ஜன்னலும் நகர்பவையாக இருந்தால் உள்ளே நுழைந்து கம்பியைக் கையால் இழுத்துவிடலாம். இல்லையென்றால் ஹேண்டிலைத் துளைத்து எடுத்துவிட்டு, அந்த ஓட்டை வழியே கொக்கி போட வேண்டியதுதான்.

எங்கள் வேலையில் பாதி நேரத்தை விழுங்கியது ஃபைபர்கிளாஸ். ஸ்ட்ரைக்கர் போல்ட்டின் ஓட்டை நீள்வட்டமாகி, சுற்றிலும் விரிசல் ஓடியிருந்தது. கிட்டில் வந்த சின்ன வாஷர் அதற்கு ஒன்றுக்கும் ஆகாது. உள்பக்கத்தைத் தேய்த்து, விளிம்பை ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் இறக்கி, அசிட்டோனால் துடைத்து, எபாக்ஸியில் நெய்த கண்ணாடித் துணியை அடுக்கடுக்காக ஒட்டினோம். இங்கே கவனம் தேவை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வெட்டிழைப் பாயின் பசை, பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்ஸியோடு அதைச் சேர்த்தால் பாய் சரியாக ஊறி வளையாது. பாய்தான் கையில் இருக்கிறதென்றால் பாலியெஸ்டரே போடுங்கள். ஆனால் பழைய ஃபைபர்கிளாஸ் மேல் எபாக்ஸியின் பிடிப்பு அதைவிட உறுதி. தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். கண்ணாடித் தூள் தோலில் பட்டாலே அன்றைய தூக்கம் போச்சு.

காய்ந்ததும் மேலே டேப் ஒட்டி, மேற்பூச்சான ஜெல்கோட் பெயராமல் மெதுவாகத் துளையிட்டு, பின்னால் ஒரு அலுமினியப் பட்டையும் அகல வாஷரும் கொடுத்து நைலான் நட்டால் முடுக்கினோம். மட்டுமீறி முடுக்கினால் ஃபைபர்கிளாஸ் நசுங்கும்.

கிட்டில் உண்மையிலேயே பிடித்தது கம்பிகள். முனையில் மரை இருப்பதால் இரண்டு பக்கமும் ஒரே நொடியில் விடும்படி நீளத்தைத் திருத்த முடிகிறது. கிளிப்புகள் பரவாயில்லை. பூட்டு சுமார் ரகம். சாவியில் அடித்திருக்கும் எண்ணை மட்டும் பார்த்துவிடுங்கள்: சிஎச்751 என்றிருந்தால், வட அமெரிக்காவின் கேம்பர் பெட்டிகளில் பாதியை அந்த ஒரே சாவி திறக்கும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். கருவிகளை வைக்கும் வண்டிக்கு அது ஆகாது. பூட்டுக்குள் டபிள்யூடி-40 அடிக்கும் பழக்கத்தையும் விடலாம், அது நிலைத்து நிற்காது. பூட்டுக்குக் கிராஃபைட் தூள், லாட்சுக்கு லித்தியம் கிரீஸ்.

லாட்சும் கம்பியும் நன்றாக இருந்து ஹேண்டில் மட்டும் போயிருந்தால் முழுக் கிட் வேண்டாம். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் துருப்பிடிக்காத எஃகு ஹேண்டிலைத் தனியாகத் தேடுங்கள். மூன்றும் தேய்ந்த பழைய கேப்புக்கு இந்தக் கிட் தாராளமாகப் போதும். கூடவே புது ஸ்ட்ரட் ஜோடி ஒன்றும் வாங்கிவிடுங்கள், கிட்டில் அது வராது.